பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு: மூளையைக் காக்கும் ஒரு ஹார்மோன் குறையும்போது

குழந்தை பிறந்த வீட்டில் எல்லோரும் மகிழ்ந்திருக்க, பெற்ற தாய் மட்டும் காரணம் சொல்லத் தெரியாமல் அழுகிறாள். குழந்தை தூங்கும்போதுகூட அவளுக்குத் தூக்கம் வருவதில்லை. இதைச் சோம்பல் என்றும், ஈமான் குறைவு என்றும் சொல்பவர்கள் நம் குடும்பங்களில் உண்டு. அவளது மூளைக்குள் நடப்பதை அறிந்தால் அப்படிப் பேச மாட்டோம்.

எங்கிருந்து வருகிறது?

கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடி, புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனை ஏராளமாகச் சுரக்கிறது. அதில் ஒரு பகுதி இரண்டு நொதிகளால் அலோபிரெக்னனலோன் என்ற பொருளாக மாறுகிறது. இந்த மாற்றம் மூளையிலும் நடக்கிறது. மூளையிலேயே உருவாகும் இத்தகைய ஸ்டீராய்டுகளுக்கு 'நியூரோஸ்டீராய்டு' என்று 1981இல் பெயரிட்டவர் பிரெஞ்சு அறிஞர் எத்தியேன்-எமில் பொலியே.

நரம்பு செல்லில் என்ன செய்கிறது?

நரம்பு செல்கள் அளவுக்கு மீறித் தூண்டப்படாமல் தடுப்பது 'கேபா' என்ற வேதிப்பொருள். அது செல்லின் மேலுள்ள ஏற்பியில் அமர்ந்ததும் ஒரு வாசல் திறந்து, குளோரைடு அயனிகள் உள்ளே நுழைகின்றன. செல் அமைதியாகிறது. அலோபிரெக்னனலோன் அதே ஏற்பியின் வேறோர் இடத்தில் ஒட்டிக்கொண்டு, வாசல் கூடுதல் நேரம் திறந்திருக்கச் செய்கிறது. பதற்றம் தணிவதும் தூக்கம் வருவதும் இதனால்தான்.

செல்லின் அமைப்பையும் இது பாதிக்கிறது. விலங்குகளில் நடந்த ஆய்வுகளில், புதிய நரம்பு செல்கள் உருவாகவும், நரம்பு இழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறை சீராகவும் இது உதவியது. ஆனால், விலங்கில் பலித்ததெல்லாம் மனிதரில் பலிப்பதில்லை. தலைக்காயம் பட்டவர்களுக்குப் புரோஜெஸ்டிரோன் கொடுத்துப் பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவுகள் 2014இல் வெளியாயின. இரண்டிலும் பலன் கிடைக்கவில்லை.

பிரசவத்துக்குப் பின்

நஞ்சுக்கொடி வெளியேறியதும் சில நாள்களுக்குள் இந்த ஹார்மோன்களின் அளவு சரிந்துவிடுகிறது. திடீர்ச் சரிவுக்கு ஈடுகொடுக்க முடியாத மூளையில் மனச்சோர்வு தோன்றுகிறது என்பது ஆய்வாளர்களின் கருத்து. தூக்கமின்மை, முன்பே இருந்த மனச்சோர்வு, வீட்டில் ஆதரவின்மை ஆகியவையும் காரணங்களே.

இந்தப் புரிதலால் மருந்துகள் வந்தன. அலோபிரெக்னனலோனையே சிரை வழியாக 60 மணி நேரம் செலுத்தும் பிரெக்சனலோன் மருந்துக்கு 2019இல் அமெரிக்கா அனுமதி தந்தது. 14 நாள்கள் இரவில் விழுங்கும் சுரானலோன் மாத்திரைக்கு 2023இல் அனுமதி கிடைத்தது. இரண்டும் கடும் மயக்கத்தைத் தரக்கூடியவை. மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே எடுக்க வேண்டியவை. மனநல ஆலோசனையும், பாலூட்டும் தாய்மார்களுக்கு ஏற்ற வேறு மருந்துகளும் உள்ளன.

குடும்பத்தார் கவனத்துக்கு

பிரசவமான முதல் சில நாள்களில் வரும் இலேசான அழுகை தானாகவே சரியாகிவிடும். சோர்வு இரண்டு வாரங்களைத் தாண்டினால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தன்னையோ குழந்தையையோ மாய்க்கும் எண்ணம் வந்தாலும், இல்லாத குரல்கள் கேட்பதாகச் சொன்னாலும் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

கணவரும் மாமியாரும் இரவில் குழந்தையைச் சில மணி நேரம் பார்த்துக்கொண்டால் அவள் தூங்குவாள். சர்க்கரை நோய்க்கு வைத்தியம் பார்க்க நாம் வெட்கப்படுவதில்லை. இதற்கும் வெட்கப்பட வேண்டியதில்லை.