உப்பு இலாகா சம்பளமும் சொந்த அச்சகமும்

இலந்தைக்குளம் ஐ.டி. பார்க் பக்கத்து டீக்கடையில் நாற்பது தாண்டிய ஆட்கள் நாலு பேர் நின்றால், பேச்சு கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வரும். "வேலை இருக்கும்போதே வேற ஏதாவது ஆரம்பிச்சிரணும்ப்பா." ஒருத்தர் தோட்டம் என்பார், ஒருத்தர் யூடியூப் என்பார். நான் எழுத்து, பதிப்பு என்று சொன்னால் மட்டும் "அதுல என்ன வரும்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இதை முதலில் கேட்டது நம்ம தலைமுறை இல்லை. சம்பளத்துக்கு ஒரு வேலை, மனசுக்கு ஒரு பத்திரிகை என்ற ஏற்பாடு தமிழில் நூற்றி இருபது வருஷத்துக்கு மேல் பழசு.

நம்ம ஊரிலிருந்தே தொடங்கலாம். திருப்பரங்குன்றம் பக்கத்தில் விளாச்சேரி. கொலு பொம்மை வாங்கப் போகிறவர்களுக்கு ஊர் தெரியும். பரிதிமாற் கலைஞர் என்ற வி.கோ. சூரியநாராயண சாஸ்திரியார் 1870-ல் பிறந்தது அங்கேதான். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, அதே கல்லூரியில் தமிழாசிரியரானவர். கல்லூரி வேலையோடு வேலையாக 1897-ல் மு.சி. பூரணலிங்கம் பிள்ளையோடு சேர்ந்து 'ஞானபோதினி' என்ற மாதப் பத்திரிகையைத் தொடங்கினார். பகலில் வகுப்பு; மற்ற நேரத்தில் நாடகம், ஆராய்ச்சி, பத்திரிகைக்குக் கட்டுரை. 1903-ல் 'தமிழ்மொழியின் வரலாறு' வெளியானது. அதே வருஷம் நவம்பரில் காசநோயில் போய்விட்டார். வயது 33.

அவருக்கு முப்பத்து மூன்றோடு முடிந்துவிட்டதால், நாற்பது ஐம்பதில் என்ன ஆகும் என்று அவர் கதை நமக்குச் சொல்லாது. அதற்கு ஏறத்தாழ அதே வருஷங்களில் அதே கல்லூரியில் பி.ஏ. படித்த இன்னொருவரைப் பார்க்கணும்: அ. மாதவையா. 1872-ல் திருநெல்வேலிப் பக்கம் பெருங்குளத்தில் பிறந்தவர்.

இருபது வயதில், 1892-ல், 'விவேக சிந்தாமணி' பத்திரிகையில் 'சாவித்திரி சரித்திரம்' என்று ஒரு தொடர் எழுத ஆரம்பித்தார். பிராமணக் குடும்பத்துப் பெண் ஒருத்தி தன் கதையைத் தானே சொல்கிற மாதிரி. குழந்தைக் கல்யாணம், விதவை வாழ்க்கை, மறுமணம் எல்லாம் வருகிற கதை. சில இதழ்களோடு தொடர் நின்றுபோனது. இங்கே வாசகர்கள் ஒரு நிமிஷம் நிற்கணும். நின்ற தொடர் 'முத்துமீனாட்சி' என்ற பெயரில் புத்தகமாக வந்தது 1903-ல். பதினோரு வருஷம் ஒரு கதையை ஒருவர் கையிலேயே வைத்திருந்திருக்கிறார். அடுத்தவர் பத்திரிகையில் இடம் இருக்கும்வரைதான் நம்ம எழுத்துக்கு ஆயுள் என்பதை அவர் முதல் அனுபவத்திலேயே பார்த்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இந்தப் பதினோரு வருஷத்தில் அவர் சும்மா இல்லை. பட்டம் வாங்கியபின் உப்பு, அப்காரி இலாகாவில் சேர்ந்தார். உப்பு வரியும் சாராய வரியும் வசூலிக்கிற துறை. 1888 முதல் 1903 வரை ஒரு மணங்கு உப்புக்கு வரி இரண்டரை ரூபாய். சாப்பிடுகிற உப்பில் வரி விழுந்த காலம், எங்கே பார்த்தாலும் திருட்டு உப்பு. அதிகாரி என்றால் அளத்துக்கும் கடைக்கும் அலைந்துகொண்டே இருக்கணும், ஊர் ஊராக மாற்றல் வேறு. இன்றைக்கு ஆன்சைட், நைட் ஷிஃப்ட் என்று நாம் புலம்புவதெல்லாம் இதற்கு முன்னால் பெரிய விஷயமில்லை. இந்த வேலையில் இருந்துகொண்டேதான் 'பத்மாவதி சரித்திரம்' முதல் பாகம் 1898-லும் இரண்டாம் பாகம் அடுத்த வருஷமும் வந்தது. 1903-ல் 'விஜயமார்த்தாண்டம்'. அதே வருஷம் ஆங்கிலத்தில் 'தில்லை கோவிந்தன்'. ஆசிரியர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'பாம்பா' என்ற புனைபெயர். 1915-ல் 'கிளாரிந்தா'. 'தில்லை கோவிந்தன்' 1916-ல் லண்டனில் மறுபதிப்பு கண்டது.

இந்தப் பட்டியலில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்றுதான். எந்தப் புத்தகமும் விற்றே ஆகவேண்டிய நிலையில் எழுதப்பட்டது இல்லை. அரிசி, வாடகை எல்லாம் உப்பு இலாகா பார்த்துக்கொண்டது. விதவை மறுமணத்தைப் பற்றி எழுதினால் சொந்தச் சாதியிலேயே வாங்க மாட்டார்கள் என்று தெரிந்தும் எழுத முடிந்ததற்கு அந்தச் சம்பளமும் ஒரு காரணம். அக்காலத்துப் புலவருக்கு ஜமீன்தார் எப்படியோ, மாதவையாவுக்கு மாதச் சம்பளம் அப்படி. ஒரே வித்தியாசம், ஜமீன்தாருக்குச் சிறப்புப் பாயிரம் பாடணும். சம்பளத்துக்குப் பாட வேண்டாம். நேரத்தைக் கொடுத்தால் போதும்.

ஜமீன்தார் என்றவுடன் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மதுரையில் 1901 செப்டம்பர் 14 அன்று நான்காம் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் பாலவநத்தம் ஜமீன்தார்தான். மதுரையில் ஒரு சொற்பொழிவுக்கு வந்தவர் கம்பராமாயணமும் திருக்குறளும் கேட்டு, ஊரில் கிடைக்காமல் மனம் நொந்து சங்கம் தொடங்கினார் என்று சொல்வார்கள். அடுத்த வருஷக் கடைசியில் 'செந்தமிழ்' இதழ் தொடங்கியது, ஆசிரியர் ரா. இராகவையங்கார். தேவர் 1911-ல் காலமான பிறகும் இதழ் தொடர்ந்தது. சிம்மக்கல் பக்கம் தமிழ்ச் சங்கம் சாலையில் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்: பின்னால் ஒரு நிறுவனம் இருந்தால் பத்திரிகை ஆளைத் தாண்டி நிற்கிறது. ஆனால் 'முத்துமீனாட்சி' மாதிரி ஒரு கதை அப்படிப்பட்ட புலமை இதழில் வந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

மாதவையாவிடம் திரும்புவோம். 1922-ல், ஐம்பது வயதையொட்டி, அவர் விருப்ப ஓய்வு வாங்கினார். மயிலாப்பூரில் சொந்த அச்சகம். 1924-ல் 'பஞ்சாமிர்தம்' மாத இதழ். முப்பது வருஷத்துக்கு முன்னால் அடுத்தவர் பத்திரிகையில் தொடர் நின்றுபோனவருக்கு, இப்போது இயந்திரமும் தன்னுடையது, இதழும் தன்னுடையது. வீட்டுப் பிள்ளைகளும் அதில் எழுதினார்கள். 'பத்மாவதி சரித்திரம்' மூன்றாம் பாகத்தைக் கால் நூற்றாண்டு கழித்து அதில்தான் தொடங்கினார். 'குசிகர் குட்டிக் கதைகள்' ஆங்கிலத்தில் 'தி ஹிந்து' நாளிதழில் வந்தவை. அவற்றைத் தானே தமிழாக்கினார், அதுவும் 1924-ல்.

சைடு என்று இருந்தது மெயின் ஆகிவிட்டது. சம்பளம் பென்ஷனாகச் சுருங்கியபின் பேப்பர், மை, அச்சுக் கோக்கிறவர் கூலி, தபால் செலவு எல்லாம் சந்தாதாரர் தலையில். நம்ம பாஷையில் பர்ன் ரேட். 1877-லேயே இந்தியத் தபால் துறையில் வி.பி.பி. வந்துவிட்டதால் வெளியூர் வாசகரிடம் புத்தகத்தைக் கொடுத்துக் காசை வாங்க வழி இருந்தது. வாங்குகிற வாசகர்தான் குறைவு.

1925 அக்டோபர் 22. சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டம். பி.ஏ. படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று பேசிவிட்டு உட்கார்ந்தார். அங்கேயே உயிர் பிரிந்தது. வயது 53. மூன்றாம் பாகம் முடியவில்லை. அவருக்குப் பிறகு 'பஞ்சாமிர்த'மும் அதிக நாள் நிற்கவில்லை.

ஓய்வு பெற்றது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: வேலையில் சுமார் முப்பது வருஷம், சொந்த அச்சகத்தில் மூன்று வருஷம். பெயர் நிற்கிற நாவல்கள் பெரும்பாலும் அந்த முப்பதில் வந்தவை. வேலையை விட்டால்தான் எழுத முடியும் என்று டீக்கடையில் சொல்கிறவர்களுக்கு நான் காட்டுகிற கணக்கு இதுதான்.

சம்பளமே இல்லாமல் இறங்கியவரும் நம்ம பக்கத்தில் உண்டு. வத்தலக்குண்டில் வளர்ந்த சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் 'எழுத்து' தொடங்கியபோது வயது 46. இரண்டாயிரம் பிரதிக்கு மேல் அச்சடிப்பதில்லை என்று முதலிலேயே அறிவித்தார். அந்த எண்ணைத் தொடும் சிரமம் கடைசிவரை வரவில்லை. 1970 வரை 119 இதழ்கள். புதுக்கவிதைக்கு இடம் கொடுத்தது அந்தப் பத்திரிகை. புத்தகங்களைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். அந்த வீட்டு வரவு செலவைப் பற்றிப் பேசாமல் 'எழுத்து' சாதனையை மட்டும் பேசுவது எனக்குச் சங்கடமாக இருக்கும்.

மாதவையா இறந்தபோது கடைசிப் பிள்ளைக்கு வயது 13. பெயர் கிருஷ்ணன், பின்னாளில் இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன். சண்டூர் சமஸ்தானத்தில் பல வேலைகள் பார்த்தவர், சமஸ்தானம் 1949-ல் இந்தியாவோடு சேர்ந்தபின் சென்னைக்குத் திரும்பினார். 1950-ல் கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் பறவை, விலங்குகளைப் பற்றி ஒரு பத்தி ஆரம்பித்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்தெட்டை நெருங்கிக்கொண்டிருந்தது. 1996 பிப்ரவரியில் இறக்கும்வரை, நாற்பத்தாறு வருஷம், அந்தப் பத்தியை எழுதினார்.