புயலுக்குப் பின் நாள்கணக்கில் கரண்ட் வராதா? வீட்டில் என்ன தயார் செய்யணும்?

2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், ஒரு லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்களைச் சாய்த்தது. பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. கரண்ட் போனால் லைட் மட்டும் போவதில்லை. மோட்டார் ஓடாது, செல்போன் டவர், ஏடிஎம் எல்லாம் முடங்கும்.

புயலுக்கு முன்: மேல்தொட்டி, குடம், அண்டா எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வையுங்கள். போன், பவர் பேங்க், எமர்ஜென்சி லைட்டை முழுசா சார்ஜ் போடுங்கள். சில்லறையாகப் பணம், ஒரு மாத மருந்து கையில் இருக்கட்டும்.

ஃப்ரிட்ஜ்: திறக்காமல் இருந்தால் சுமார் 4 மணி நேரம் குளிர்ச்சி தாங்கும். அதற்குப் பிறகு பால், இறைச்சியை நம்பிச் சாப்பிடக் கூடாது. இன்சுலினை டப்பாவில் போட்டு, தண்ணீர் ஊற்றிய மண்பானைக்குள் நீர் புகாமல் வைக்கலாம்.

ஜெனரேட்டர்: வீட்டுக்குள்ளோ ஜன்னல் பக்கத்திலோ ஓட்டவே கூடாது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது; தூக்கத்திலேயே உயிரைப் பறிக்கும். வீட்டு பிளக்கில் நேரடியாக இணைத்தால் கரண்ட் வெளியே உள்ள கம்பிக்குப் பாய்ந்து, அங்கே வேலை செய்யும் மின் ஊழியரைக் கொல்லும்.

அறுந்து கிடக்கும் கம்பியைத் தொடாதீர்கள். மின்னகம் எண் 94987 94987-ல் தகவல் சொல்லுங்கள்.