பிரம்புப் புதரில் கிடந்த பிள்ளை: திருமழிசை மரபும் குழந்தை மதிப்பும்

1. இடமும் பொருளும்

பூந்தமல்லியிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே போனால் முதலில் திருமழிசை, அதைத் தாண்டிக் குத்தம்பாக்கம். இந்த அண்டை ஊர்கள் இரண்டின் கதையையும் சேர்த்து வாசித்தால், குழந்தையிடம் அன்பு காட்டுவது வேறு, குழந்தையை மதிப்பது வேறு என்பது புலப்படும். பக்திக்கு இரண்டும் வேண்டும்.

2. கைவிட்டவரும் எடுத்தவரும்

பார்க்கவ முனிவருக்குப் பிறந்தது உருவமற்ற தசைப்பிண்டம் என்றும், பெற்றோர் அதைப் பிரம்புப் புதரில் விட்டுப் போனார்கள் என்றும் வைணவக் குருபரம்பரை நூல்கள் சொல்கின்றன. இறையருளால் அது குழந்தையாகி அழுதது. பிரம்பு அறுக்க வந்த திருவாளன் எடுத்துப்போய் மனைவி பங்கயச்செல்வியிடம் கொடுத்தார். தவசி கைவிட்டதை உழைப்பாளி எடுத்தார். அந்தப் பிள்ளையே பன்னிரு ஆழ்வார்களில் ஒருவரான திருமழிசையாழ்வார்.

3. பால்

என்னை அதிகம் பாதிப்பது இதற்கு அடுத்த பகுதி. வளர்த்த வீட்டில் பிள்ளை எதையும் உண்ணவில்லை. வாயைப் பிளந்து ஊற்றியதாகக் கதையில் இல்லை. செய்தி கேட்டு ஒரு முதியவர் மனைவியோடு பால் கொண்டுவந்தார், பிள்ளை ஏற்றுக்கொண்டது. ஒருநாள் அது மிச்சம் வைத்த பாலை அந்தத் தம்பதியர் பிரசாதமாக அருந்தினார்கள். இளமை திரும்பி, பின்னாளில் ஆழ்வாரின் சீடரான கணிகண்ணனைப் பெற்றார்கள். ஊட்ட வந்தவர்கள் பெற்றுக்கொண்டவர்கள் ஆனார்கள். பிள்ளையின் மறுப்புக்கும் பொருள் உண்டென்று காத்திருந்த வீட்டில்தான் இது நடக்க முடியும். சோற்றுக் கிண்ணத்தோடு பிள்ளையைத் துரத்தும் நமக்கு இந்தப் பொறுமை வேண்டும்.

கடவுளையோ பெரியோரையோ குழந்தையாகப் பாடும் பிள்ளைத்தமிழும் இந்த வழியில்தான் நிற்கிறது. அதன் வருகைப் பருவத்தில் குழந்தையை வரச்சொல்லி ஆணையிடுவதில்லை, வேண்டுகிறார்கள்.

4. குத்தம்பாக்கத்துச் சுவர்

நான்கு குலங்களில் எதிலும் தான் பிறக்கவில்லை என்று தம் திருச்சந்த விருத்தத்தில் ஆழ்வார் சொல்கிறார். அண்டை ஊரிலும் சாதியைத் தாண்டும் முயற்சி ஒன்று நடந்தது. 1996-இல் குத்தம்பாக்கம் ஊராட்சித் தலைவரான இளங்கோ, அவ்வூர்த் தலித் குடும்பத்தில் பிறந்த வேதிப் பொறியாளர். பல சாதியினரும் சேர்ந்து வாழ அவர் காலத்தில் எழுந்த அரசுக் குடியிருப்பான சமத்துவபுரத்தில் இரட்டை வீடுகள்: பொதுச்சுவருக்கு ஒருபுறம் தலித் குடும்பம், மறுபுறம் பிற சாதிக் குடும்பம். பெரியவர்களுக்கு அது துணிந்து எடுத்த முடிவு. அங்கே தவழ்ந்த பிள்ளைக்கோ அது வெறும் பக்கத்து வீடு. அங்கே யார் பால் கொடுத்தாலும் குடிக்கும்.