ராஜா அண்ணாமலைபுரமும் நம் ஊர் வளவும்



போன வாரம் சென்னை ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து பழைய மாணவர் ஒருவர் பேசினார். "சார், ஊர் வீட்டுக்கு 11 பங்குதாரர்கள். தூண்களைக் கழற்றி விற்றுவிடலாம் என்கிறார்கள். நானும் கையெழுத்துப் போடட்டுமா?" என்று கேட்டார். உடனே பதில் சொல்ல வரவில்லை.

"அரண்மனை மாதிரி வீட்டைப் பூட்டிவிட்டுப் பட்டணத்தில் பிளாட்டில் இருக்கிறார்களே" என்று நானே வகுப்பில் குறை சொல்லியிருக்கிறேன். இப்போது யோசித்தால் அது பாதி நியாயம்தான்.

இந்த வீடுகள் நின்றது ஊர் வருமானத்தில் அல்ல. வீடு இங்கே, வரவு கடலுக்கு அப்பால். ஆண்கள் பர்மாவிலும் மலேயாவிலும் மூன்று வருடக் கணக்கு முடித்துத்தான் ஊர் திரும்புவார்கள். வீட்டை நடத்தியவர்கள் ஆச்சிமார்கள். வளவைச் சுற்றி, மணமான மகன் ஒவ்வொருவருக்கும் ஓர் அறை. வேறு வைத்துவிட்டால் அடுப்பும் தனி.

1930க்குப் பிறகு நெல் விலை விழுந்தது. கடனைத் திருப்ப முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம் செட்டியார்கள் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1938க்குள் கால்வாசி நிலம் அவர்களுடையது. அந்த விவசாயிகளின் கண்ணீரையும் நாம் மறக்கக் கூடாது. 1942இல் ஜப்பான் படை வந்தது. 1948இல் பர்மா அரசு நிலத்தைத் தேசியமயமாக்கச் சட்டம் போட்டது. வரவு நின்றது.

வசதியானவர்கள் அதற்கு முன்பே சென்னையில் காலூன்றியிருந்தார்கள். ராஜா அண்ணாமலைபுரம் என்ற பெயரே கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலை செட்டியாருடையது. அவர் மகன் முத்தையா செட்டியார் 1933இல் சென்னையின் மேயர். பிறகு மற்றவர்களும் தொழிலுக்காகவும் பிள்ளைகள் படிப்புக்காகவும் போனார்கள். ரங்கூனுக்கு ஆண்கள் மட்டும் போனார்கள். சென்னைக்குக் குடும்பமே போனது. வீடு பூட்டப்பட்டது அதனால்தான்.

கழற்றிய தூண்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு வரும். அங்கிருந்து ஏதோ ஒரு நகரத்துப் பங்களாவுக்குப் போகும். யார் வீட்டுத் தூண் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

சென்னையில் பிறந்த பையனுக்கும் கல்யாணம் ஆனால், ஒன்பது நகரக் கோயில்களில் அவனுடைய கோயிலில் ஒரு புள்ளி ஏறும். கோயில் கணக்கு வைத்திருக்கிறது. வீட்டுக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை.

அதனால் மாணவரிடம் இப்படிச் சொன்னேன்: "கையெழுத்துக்கு முன்னால் 11 பேரும் பிள்ளைகளோடு ஒரு நாள் வளவில் உட்காருங்கள். யார் கட்டியது, எந்த ஊர்ப் பணம், எந்த அறை யாருடையது என்று எழுதுங்கள். போட்டோ எடுங்கள். அதற்குப் பிறகும் விற்கத்தான் வேண்டுமென்றால் விற்றுக்கொள்ளுங்கள்."

நான்கு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்களாம். மீதி ஏழு பேரில் யாராவது இதைப் படித்தால், நீங்களும் வந்துவிடுங்கள் அப்பா. சாவி பக்கத்து வீட்டில்தான் இருக்கிறது.