ரங்கனதிட்டின் குடிமக்கள்

ஸ்ரீரங்கப்பட்டணம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவன இரண்டு. ஒன்று, 1799-ஆம் ஆண்டு மே மாதம் 4-ஆம் நாள் திப்பு சுல்தான் போரிட்டு வீழ்ந்த கோட்டை. மற்றொன்று, காவிரியின் நடுவே பள்ளிகொண்ட ரங்கநாதர் கோயில். இவ்விரண்டையும் கண்டு திரும்பும் யாத்திரிகர் சிலர், ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் தொலைவில் ஆற்றின் நடுவே ஒரு பெரிய குடியிருப்பு உண்டென்பதை அறியாமலே ஊர் திரும்பிவிடுகின்றனர். அதுவே ரங்கனதிட்டு என்னும் பறவைகள் சரணாலயம்.

திட்டு என்றால் ஆற்றிடைத் தீவு. தமிழிலும் மணல் திட்டு என்கிறோம். ஏசுதல் என்ற பொருளும் அச்சொல்லுக்கு நம்மிடம் உண்டு. கூடு கட்டும் காலத்தில் அங்கு எழும் இரைச்சலைக் கேட்போர், இந்த இரண்டாம் பொருளே பொருத்தம் என்று கருதினால் வியப்பில்லை.

இத்திட்டுகள் பறவைகளுக்காக உண்டானவை அல்ல. 1645-க்கும் 1648-க்கும் இடையில் மைசூர் மன்னர் கண்டீரவ நரசராஜ உடையார் காவிரியின் குறுக்கே ஓர் அணை எழுப்பினார். அதனால் ஆற்றில் சிறு தீவுகள் தோன்றின. தீவுகளில் மரங்கள் தழைத்தன. மரங்களில் பறவைகள் குடியேறின. மஞ்சள்மூக்கு நாரை, நத்தைக்குத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், வக்கா எனப் பல இனங்கள் அங்கு அண்டை வீட்டாராக வாழ்கின்றன. சுற்றிலும் நீர் இருப்பதால் நரியும் காட்டுப்பூனையும் எளிதில் அணுகுவதில்லை. நீரில் முதலைகளும் உண்டு. காவலுக்குக் கூலியாக, கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சுகளை அவை எடுத்துக்கொள்கின்றன.

வேடந்தாங்கலில், எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அறிந்த கிராமத்தார் தாமே பறவைகளைக் காத்தனர். ரங்கனதிட்டுப் பறவைகளுக்காக மனுச் செய்ய ஒருவர் வரவேண்டியிருந்தது. மைசூர் சமஸ்தானத்துப் பறவைகளைக் கணக்கெடுக்க வந்த சலீம் அலி, இத்திட்டுகளின் அருமையை அரசுக்கு எடுத்துரைத்தார். 1940-ஆம் ஆண்டில் இவ்விடம் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கோப்புகளோடு பழகிய நமக்கு இதில் ஓர் ஆறுதல் உண்டு: தக்கவர் தக்க வேளையில் செய்யும் பரிந்துரை வீண்போவதில்லை. 2022-இல் ராம்சர் உடன்படிக்கையின் சர்வதேச ஈரநிலப் பட்டியலிலும் ரங்கனதிட்டு இடம்பெற்றது.

ஆனால் பட்டியலில் பெயர் ஏறியதால் வெள்ளம் விலகி ஓடுவதில்லை. ஆற்றின் மேற்புறத்தில், 1911-இல் தொடங்கி 1931-இல் கட்டி முடிக்கப்பட்ட கிருஷ்ணராஜசாகர் அணை நிற்கிறது. குஞ்சுகள் சில இன்னும் பறக்கக் கல்லாத வேளையில் தென்மேற்குப் பருவமழை வலுத்து, அணையின் மதகுகள் திறக்கப்பட்டால் திட்டுகள் மூழ்குகின்றன. 2019 ஆகஸ்டு மாதத்தில் அவ்வாறே நேர்ந்தது, படகுகள் நிறுத்தப்பட்டன. தாழ்ந்த கிளைகளிலும் பாறைகளிலும் உள்ள கூடுகளுக்கே முதல் ஆபத்து.

அணை நிரம்பினால் நீரை விடாதிருக்க இயலாது. எனினும் கூடுகளில் குஞ்சுகள் உள்ள வாரங்களில், முன்னதாகவே சிறிது சிறிதாக நீரை விடலாகுமா என்று கணக்கிடுவது பொறியாளருக்கு அரிய காரியமன்று. ஓர் அணை அளித்த வீட்டை மற்றோர் அணை பறிக்காமல் காப்பது நம் பொறுப்பே அல்லவா? மேட்டூருக்கு வரும் நீரின் அளவை நாளிதழில் ஆவலுடன் தேடும் தமிழராகிய நாம், அந்நீர் கடந்து வந்த திட்டுகளையும் ஒரு கணம் எண்ணிப் பார்ப்போமாக.