செவிலியர் பயிற்சிக்கு மருத்துவமனையைத் தேர்வு செய்வது எப்படி? கல்லூரிகளும் மாணவர்களும் கவனிக்க வேண்டியவை

புதுடெல்லி: செவிலியர் படிப்பில் சேர விரும்புவோர் கல்விக் கட்டணம், விடுதி வசதி, தேர்ச்சி விகிதம் ஆகியவற்றை விசாரிப்பது வழக்கம். எந்த மருத்துவமனையில் பயிற்சி கிடைக்கும் என்ற கேள்வி அரிதாகவே எழுகிறது. ஊசி போடுவது, காயத்துக்குக் கட்டுப் போடுவது, பிரசவம் பார்ப்பது, மரணத் தறுவாயில் இருப்பவரைப் பராமரிப்பது ஆகிய எதையும் வகுப்பறையில் மட்டும் கற்றுவிட முடியாது. பயிற்சி மருத்துவமனையில் நோயாளிகள் இல்லையெனில், பட்டம் கிடைத்தாலும் கைத்திறன் கிடைக்காது. அதன் விளைவை, பின்னாளில் அந்தச் செவிலியரிடம் சிகிச்சைக்கு வருபவர்களே எதிர்கொள்ள நேரிடும்.

மத்தியப் பிரதேசத்தில் செவிலியர் கல்லூரிகள் தொடர்பாக எழுந்த வழக்கு இதன் தீவிரத்தை உணர்த்தியது. போதிய கட்டடமோ மருத்துவமனையோ இல்லாத கல்லூரிகளுக்கு அனுமதி வழங்கப்பட்டதாகப் பொதுநல வழக்கு தொடரப்பட்டதையடுத்து, மாநில உயர்நீதிமன்றம் சிபிஐ ஆய்வுக்கு உத்தரவிட்டது. ஆய்வு செய்யப்பட்ட 300-க்கும் மேற்பட்ட கல்லூரிகளில் 60-க்கும் மேற்பட்டவை தகுதியற்றவை என்றும், மேலும் பல கல்லூரிகள் குறைபாடுகள் உடையவை என்றும் 2024-ஆம் ஆண்டில் நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. இந்த விவகாரத்தால் தேர்வுகள் தாமதமாகி, ஆயிரக்கணக்கான மாணவர்கள் பாதிக்கப்பட்டனர்.

விதிமுறைகள் கூறுவது என்ன?

இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் 1947-இன்கீழ் அமைக்கப்பட்ட கவுன்சில், செவிலியர் கல்விக்கான தரநிலைகளை வகுத்து வந்துள்ளது. அதற்கு மாற்றாகப் புதிய ஆணையத்தை அமைக்க வகைசெய்யும் தேசிய செவிலியர் மற்றும் பேறுகால உதவியாளர் ஆணையச் சட்டம் 2023-ஆம் ஆண்டில் நிறைவேற்றப்பட்டது.

கவுன்சிலின் வழிகாட்டுதல்களின்படி, ஜி.என்.எம். பட்டயப் படிப்பு அல்லது பி.எஸ்சி. நர்சிங் பட்டப் படிப்பைத் தொடங்கும் நிறுவனத்துக்கு 100 படுக்கைகள் கொண்ட சொந்த மருத்துவமனை இருக்க வேண்டும். இது 'தாய் மருத்துவமனை' எனப்படுகிறது. கல்லூரியை நடத்தும் அறக்கட்டளைக்கோ அதன் உறுப்பினருக்கோ உரியதாகவும், அவர்களது கட்டுப்பாட்டில் இயங்குவதாகவும் அது இருக்க வேண்டும்.

தாய் மருத்துவமனையில் கிடைக்காத பயிற்சிக்குப் பிற மருத்துவமனைகளுடன் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். இவை 'இணைப்பு மருத்துவமனைகள்' ஆகும். இவற்றில் 50 படுக்கைகளுக்குக் குறையக் கூடாது. கல்லூரியிலிருந்து 15 முதல் 30 கிலோமீட்டருக்குள் அமைந்திருக்க வேண்டும். மலைப்பகுதிகளிலும் பழங்குடியினர் வாழும் பகுதிகளிலும் 50 கிலோமீட்டர் வரை அனுமதிக்கப்படுகிறது.

இவற்றைவிட முக்கியமானவை இரண்டு நிபந்தனைகள். மருத்துவமனைப் படுக்கைகளில் குறைந்தது 75 சதவீதத்தில் நோயாளிகள் இருக்க வேண்டும் என்பது ஒன்று. ஒரு மாணவருக்கு மூன்று நோயாளிகள் என்ற விகிதம் பேணப்பட வேண்டும் என்பது மற்றொன்று.

படுக்கை எண்ணிக்கை மட்டும் போதுமா?

இந்த இரு நிபந்தனைகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் உண்மை நிலை புலப்படும். 100 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையில் 75 நோயாளிகள் இருந்தால், ஒரே நேரத்தில் 25 மாணவர்கள் மட்டுமே முறையாகப் பயிற்சி பெற இயலும். ஆண்டுக்கு 60 பேரைச் சேர்க்கும் பி.எஸ்சி. நர்சிங் கல்லூரியில் நான்கு ஆண்டுகளிலும் சேர்த்து 240 மாணவர்கள் இருப்பர். அவர்களில் பாதிப் பேர் ஒரே வாரத்தில் வார்டுகளுக்குச் செல்ல நேர்ந்தால் 360 நோயாளிகள் தேவைப்படுவர். காலை, மாலை என நேரம் பிரித்து அனுப்பினாலும், 100 படுக்கை மருத்துவமனை ஒன்றை மட்டும் நம்பி இத்தேவையை நிறைவு செய்ய முடியாது.

பெரிய மருத்துவமனை என்பதாலேயே பயிற்சி மேம்பட்டுவிடாது. 300 படுக்கைகள் இருந்தும் 40 சதவீதமே நிரம்பியிருந்தால் அங்குள்ள நோயாளிகள் 120 பேர் மட்டுமே. 200 படுக்கைகளில் 80 சதவீதம் நிரம்பிய மருத்துவமனையில் 160 நோயாளிகள் இருப்பர். பயிற்சிக்கு இரண்டாவதே ஏற்றது.

ஒரே மருத்துவமனையைப் பல கல்லூரிகள் பகிர்ந்துகொள்வதையும் கணக்கில் கொள்ள வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒன்றில் 240 நோயாளிகள் இருந்தால், ஒரே நேரத்தில் 80 மாணவர்களுக்கு இடமுண்டு. நான்கு கல்லூரிகள் தலா 40 பேரை அனுப்பினால் அங்கு 160 மாணவர்கள் கூடிவிடுவர். ஒவ்வொரு கல்லூரியின் ஒப்பந்தமும் தனித்தனியே பார்க்கையில் சரியாக இருக்கும். வார்டில் ஒரே நோயாளியின் ரத்த அழுத்தத்தை மாணவர்கள் மாறி மாறி அளந்துகொண்டிருப்பர். ஆகவே, வேறு எத்தனை கல்லூரிகளுக்கு, எத்தனை மாணவர்களுக்கு, எந்தெந்த மாதங்களில் அனுமதி அளிக்கப்பட்டுள்ளது என்பதை மருத்துவமனையிடம் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுப் பெறுவது அவசியம்.

எந்தெந்தப் பிரிவுகள் தேவை?

ஆண்டுக்கு 40 முதல் 60 பேரைச் சேர்க்கும் கல்லூரிக்கு, பொது மருத்துவம் 30, அறுவை சிகிச்சை 30, மகப்பேறு மற்றும் மகளிர் நோய் 30, குழந்தைகள் நலம் 20, எலும்பு மூட்டு 10 என்ற அளவில் படுக்கைகள் இருக்க வேண்டும் என்று வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. இருதயம் அல்லது புற்றுநோய்க்கு மட்டும் சிகிச்சை அளிக்கும் மருத்துவமனை எவ்வளவு புகழ் பெற்றதாக இருந்தாலும், அது மட்டும் அடிப்படைப் பயிற்சிக்குப் போதாது.

மகப்பேறு பயிற்சியில்தான் பற்றாக்குறை அதிகம் ஏற்பட வாய்ப்புள்ளது. ஒவ்வொரு மாணவரும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் கர்ப்பிணிகளைப் பரிசோதித்து, இயல்பான பிரசவங்களை மேற்பார்வையின்கீழ் தாமே பார்த்து, பதிவேட்டில் எழுத வேண்டும். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, நாட்டில் தனியார் மருத்துவமனைகளில் நடந்த பிரசவங்களில் 47.4 சதவீதம் அறுவை சிகிச்சை மூலம் நடந்தவை. அரசு மருத்துவமனைகளில் இது 14.3 சதவீதம். அதாவது, மாதத்துக்கு 100 பிரசவங்கள் நடந்தால் தனியார் மருத்துவமனையில் சுமார் 53, அரசு மருத்துவமனையில் சுமார் 86 இயல்பான பிரசவங்களை எதிர்பார்க்கலாம். அவற்றையும் பயிற்சி மருத்துவர்களுடன் பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கும். எனவே, மொத்தப் பிரசவ எண்ணிக்கையைக் கேட்பதைவிட, செவிலியர் மாணவர்களுக்கு ஒதுக்கப்படும் இயல்பான பிரசவங்களைக் கேட்பதே பொருத்தமானது. பிரசவ அறையின் தரத்தை அறிய, மத்திய அரசின் 'லக்ஷ்யா' திட்டத்தின்கீழ் சான்று பெற்றுள்ளதா என்றும் பார்க்கலாம்.

மனநலப் பயிற்சிக்கான வசதி பொது மருத்துவமனைகள் பலவற்றில் குறைவு. இதனால், பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ், ராஞ்சியில் உள்ள மத்திய மனநல நிறுவனம், அசாமின் தேஜ்பூரில் உள்ள லோகப்ரியா கோபிநாத் போர்டோலோய் மண்டல மனநல நிறுவனம் போன்றவற்றுக்கு வெளியூர்க் கல்லூரிகளும் மாணவர்களை அனுப்புகின்றன. அத்தகைய பயிற்சிக்குத் தங்குமிடம், பயணம், உடன் செல்லும் ஆசிரியர் ஆகிய ஏற்பாடுகளை முன்கூட்டியே உறுதி செய்ய வேண்டும்.

சமுதாய நலப் பயிற்சிக்குக் கிராமப்புற, நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்கள் தேவை. சமவெளிப் பகுதியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையமும், 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையமும் என்பது அரசின் அளவுகோல். தடுப்பூசி முகாம், வீடு வீடாகச் சென்று கர்ப்பிணிகளைக் கண்காணித்தல் ஆகியவற்றை இங்குதான் கற்க முடியும்.

கற்பவரா, ஆள் பற்றாக்குறையை நிரப்புபவரா?

புதிய பாடத்திட்டத்தின்படி, பி.எஸ்சி. நர்சிங் படிப்பு எட்டு பருவங்களைக் கொண்டது. எட்டாவது பருவத்தில் வாரத்துக்கு 48 மணி நேரம் வீதம் 22 வாரங்கள் உறைவிடப் பயிற்சி உண்டு. இதில் பெரியவர்களுக்கான செவிலியம் 6 வாரங்கள். சமுதாய நலம், குழந்தை நலம், மனநலம், மகப்பேறு ஆகியவை தலா 4 வாரங்கள். செயற்கை மாதிரிகளைக் கொண்டு ஆய்வகத்தில் பெறும் பயிற்சியை மொத்தச் செய்முறை நேரத்தில் 10 சதவீதம் வரை மட்டுமே கணக்கில் சேர்க்கலாம். எஞ்சியதை நோயாளிகளிடையே இருந்துதான் கற்க வேண்டும்.

செவிலியர் பற்றாக்குறை உள்ள மருத்துவமனைகளில் மாணவர்களை ஊழியர்களாகப் பயன்படுத்தும் அபாயம் உண்டு. மருந்து கொடுப்பது, பதிவேடு எழுதுவது, இரவுப் பணி ஆகியவை மாணவர்களிடம் ஒப்படைக்கப்பட்டு, அருகில் பதிவுபெற்ற செவிலியர் இல்லையெனில், தவறு நேர்ந்தாலும் திருத்த ஆளிருக்காது. இதனால் பாதிக்கப்படுவது நோயாளியும் மாணவரும்தான். ஒவ்வொரு பணிநேரத்திலும் வார்டில் நிரந்தரச் செவிலியர்கள் எத்தனை பேர், மாணவர்களுக்கு வழிகாட்டும் பொறுப்பு யாருக்கு என்பதை ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்டறிய வேண்டும். சுமார் பத்து மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் வீதம் கல்லூரியிலிருந்தும் வார்டுக்கு வந்தால்தான் மேற்பார்வை பொருளுடையதாகும்.

ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டியவை

கல்லூரிக்கும் மருத்துவமனைக்கும் இடையிலான புரிந்துணர்வு ஒப்பந்தத்தில், அனுமதிக்கப்படும் மாணவர் எண்ணிக்கை, வார்டு வாரியான கால அட்டவணை, மருத்துவமனைக்குச் செலுத்தும் கட்டணம், ஒப்பந்தக் காலம் ஆகியவை தெளிவாக இருக்க வேண்டும். நடுவில் ஒப்பந்தம் முறிந்தாலும், அப்போது பயிற்சியில் இருக்கும் மாணவர்கள் அதை முடிக்க வழிவகை வேண்டும்.

மாணவர்களின் பாதுகாப்பும் இதில் அடங்கும். வார்டுக்குச் செல்லும் முன் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடப்பட்டிருக்க வேண்டும். பயன்படுத்திய ஊசி குத்திவிட்டால், எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இயன்றவரை விரைவாக, அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். இரவிலும் விடுமுறை நாளிலும் அந்த மருந்து எங்கே கிடைக்கும், செலவை யார் ஏற்பார் என்பன எழுத்தில் இருப்பது நல்லது. உடை மாற்றும் அறை, கழிப்பறை, இரவுப் பணி முடிந்து திரும்ப வாகனம் ஆகியவையும் முக்கியமானவை.

வெளிமாநிலத்தில் படிப்போருக்கு மொழியும் ஒரு தடை. கேரளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் பெங்களூரு உள்ளிட்ட நகரங்களுக்கு வந்து படிப்போர் பலர். வலி எங்கே என்று கேட்டு, பதிலைப் புரிந்துகொள்ளும் அளவுக்காவது உள்ளூர் மொழியைக் கற்பித்த பிறகே வார்டுக்கு அனுப்புவது முறை.

அரசின் புதிய அணுகுமுறை

2014-ஆம் ஆண்டுக்குப் பிறகு தொடங்கப்பட்ட மருத்துவக் கல்லூரிகளுடன் இணைத்து 157 புதிய செவிலியர் கல்லூரிகளை அமைக்க, ரூ.1,570 கோடி மதிப்பிலான திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2023 ஏப்ரலில் ஒப்புதல் அளித்தது. ஏற்கெனவே நோயாளிகள் வரும் மருத்துவமனை அருகிலேயே இருப்பது இந்த ஏற்பாட்டின் பயன். எனினும், அங்கும் மருத்துவ மாணவர்களுடன் நோயாளிகளைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதால், மேலே கூறிய கணக்கு இவற்றுக்கும் பொருந்தும்.

மாணவர்களும் பெற்றோரும் கேட்க வேண்டியவை

* கல்லூரியின் தாய் மருத்துவமனை எது? அங்கு இப்போது எத்தனை உள்நோயாளிகள் உள்ளனர்?
* இணைப்பு மருத்துவமனைகள் எவை, எவ்வளவு தொலைவில் உள்ளன? அவற்றை எத்தனை கல்லூரிகள் பயன்படுத்துகின்றன?
* கடந்த ஆண்டு மாணவர்கள் தலா எத்தனை பிரசவங்களைத் தாமே பார்த்தனர்?
* வார்டுக்கு ஆசிரியர் தினமும் வருகிறாரா?
* பயிற்சிக்கும் பயணத்துக்கும் தனிக் கட்டணம் உண்டா?

கல்லூரி அளிக்கும் விவரத்தை மாநில நர்சிங் கவுன்சிலின் அனுமதிப் பட்டியலுடனும், பட்டப் படிப்பாயின் பல்கலைக்கழக இணைப்புப் பட்டியலுடனும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சேர்க்கைக்கு முன் ஒரு வேலை நாளில் அந்த மருத்துவமனைக்கு நேரில் சென்று வருவதும் பயன் தரும். வெளிநோயாளிகள் பிரிவில் உள்ள வரிசையையும், வார்டுகளில் நிரம்பியுள்ள படுக்கைகளையும் பார்த்து, அங்கு ஏற்கெனவே பயிற்சி பெறும் மாணவர்களிடம் சில நிமிடங்கள் பேசினால், விளம்பரக் கையேட்டில் இல்லாத பல விவரங்கள் தெரியவரும்.