மூன்று காலம், மூன்று வீரர்

"அந்தக் காலத்து ஆட்டமே ஆட்டம்!" என்று பெரியவர்கள் பெருமூச்சு விடுவதும், "உங்கள் ஆள் இன்றைக்கு வந்து ஆடினால் தெரியும் சங்கதி" என்று பிள்ளைகள் மடக்குவதும் நம் ஊர்த் திண்ணைகளுக்கு மட்டும் உரியவை அல்ல. அமெரிக்காவில் கலாசாலைக் கால்பந்தை வைத்து இந்த வழக்கு தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறது.

பெயர்தான் கால்பந்து, பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். களத்தில் அணிக்கு 11 பேர். அவர்களில் குவார்ட்டர்பேக் என்பவன் தேர்ச் சாரதி மாதிரி. பந்து கைக்கு வந்ததும், முன்னே ஓடும் தோழனுக்கு எறிவதா, பக்கத்தில் இருப்பவனிடம் கொடுப்பதா, தானே எடுத்துக்கொண்டு ஓடுவதா என்று கண் இமைப்பதற்குள் அவன் தீர்மானிக்க வேண்டும். எதிரியின் கடைசி எல்லைக்குள் பந்தைக் கொண்டு சேர்த்தால் அது டச்டவுன்.

இந்த ஸ்தானத்தில் சிறந்தவர் யார்? 1938-இல் டெக்ஸாஸ் கிறிஸ்டியன் சர்வகலாசாலைக்கு ஆடிய டேவி ஓப்ரையன், பந்தை எறிந்து 19 டச்டவுன்கள் பெற்றுத் தந்தார். 2019-ஆம் ஆண்டுப் பருவத்தில் லூயிசியானா மாநிலச் சர்வகலாசாலையின் ஜோ பர்ரோ 60 பெற்றார். மும்மடங்குக்கும் மேல்! இருவர் அணியும் அந்தப் பருவத்தில் தோல்வியே காணவில்லை. இருவருக்கும் ஹைஸ்மன் பரிசு கிடைத்தது. கணக்குப்பிள்ளையைக் கேட்டால் வழக்கு அத்துடன் தீர்ந்தது என்பார்.

கதை எழுதுகிறவனுக்கு அவ்வளவு சுலபத்தில் திருப்தி ஏற்படுவதில்லை. பந்தை முன்னோக்கி எறியவே 1906-இல்தான் அநுமதி வந்தது. அப்போதும், எறிந்த பந்து யார் கையிலும் படாமல் தரையில் விழுந்தால் எதிரணிக்குப் போய்விடும். அப்படிப்பட்ட விதியின்கீழ் எவன் துணிந்து எறிவான்? விதிகள் மெல்ல மெல்லத் தளர்ந்தன. 1934-இல் பந்தின் பருமனையும் குறைத்தார்கள், கைக்குள் அடங்கிற்று. ஓப்ரையனுக்குக் கிடைத்தது இந்தப் பந்து. ஆனால் அவர் காலத்தில் தாக்குகிறவனே தடுக்கவும் வேண்டும். 5 அடி 7 அங்குல உயரமே உள்ள அந்த மனிதர், எறிந்து களைத்த கையோடு எதிரிகளைப் பிடித்துத் தள்ளவும் நின்றார். தாக்க ஓர் அணி, தடுக்க வேறோர் அணி என்ற ஏற்பாடு கலாசாலைகளில் நிலைபெற்றது 1965-க்குப் பிறகுதான். பர்ரோவின் 60-ஐக் குறைத்துச் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. வேறு தராசில் நிறுத்த பொருள் என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொருவர் இருக்கிறார். தராசு எதுவானாலும் அவரை விட்டுவிட்டு இந்தப் பேச்சைப் பேசக் கூடாது என்பது என் அபிப்பிராயம். மின்னஸோட்டா சர்வகலாசாலையின் ஸாண்டி ஸ்டீஃபன்ஸ் கறுப்பின இளைஞர். 1960-இல் அவர் அணி தேசத்தில் முதலிடம் பெற்றது. 1961-இல், அந்த ஸ்தானத்தில் தேசத்தின் தலைசிறந்த ஆட்டக்காரராகத் தேர்வானார். கறுப்பர் ஒருவருக்கு அந்தக் கௌரவம் கிடைத்தது அதுவே முதல் தடவை. 1962 ஜனவரியில் ரோஸ் பௌல் ஆட்டத்திலும் வெற்றி. அவர் அணி ஓடியே வென்ற அணி. ஆகையால் எறிந்த கணக்கு பர்ரோவுக்குப் பக்கத்தில் வைக்க முடியாத சிறு கணக்கு.

பர்ரோ புகழ் பெற்ற அந்தத் தென்பிரதேசத்துப் போட்டிக் கூட்டத்தில் ஸ்டீஃபன்ஸ் அன்று கால் வைத்திருக்கவே முடியாது. அங்கே முதல் கறுப்பு இளைஞர் களம் இறங்கியது 1967-இல். வடக்கே கிடைத்த பெருமையாவது கடைசிவரை கைகொடுத்ததா? இரண்டு தொழில்முறை அணிகள் அவரைத் தேர்ந்தெடுத்தன. இரண்டுமே, அவர் வென்று காட்டிய அந்த ஸ்தானத்தை மட்டும் தர மறுத்தன. படையை நடத்தும் வேலை கறுப்பனுக்கு ஆகாது என்று அந்நாளில் பலர் நினைத்தார்கள். அவர் கனடாவுக்குப் போய் மான்ட்ரீல் அணிக்கு ஆடினார். கறுப்பினக் குவார்ட்டர்பேக் ஒருவர் ஹைஸ்மன் பரிசு பெற்றது 1989-இல், ஆண்ட்ரே வேர் என்பவர்.

மூவரில் ஒருவருக்கு மாலையிடச் சொன்னால், எறிந்த கைக்கு பர்ரோ, உழைத்த உடம்புக்கு ஓப்ரையன் என்று தயங்காமல் சொல்வேன். ஆனால் மாலை ஒன்றுதான் என்றால் அது ஸ்டீஃபன்ஸுக்கே. மற்ற இருவரும் விதிகளோடு மல்லுக்கட்டினார்கள். அவரோ விதிப் புத்தகத்தில் எழுதப்படாத ஒன்றோடும் சேர்த்து மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. அதற்குக் கணக்கில் பத்தி கிடையாது.

அவர் 2000-இல் காலமானார். கலாசாலைக் கால்பந்தின் புகழ் மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தது 2011-இல்.